ஒன்பது நாள் வைத்துப் பாருங்கள்

இந்த ஸ்டேஷனில் தேநீர் நன்றாக இருக்கிறது, சாகேப். இஞ்சியைத் தட்டிப் போட்ட கை யாருடையதோ, அந்தக் கை நன்றாக இருக்கட்டும்.

ஜல்பிந்துவைப் பற்றிக் கேட்டீர்கள். சூரத்தில் அந்த வைரத்தைத் தெரியாத ஆளில்லை. நவாப் ஒருவரின் பேகம் அதை மூக்கில் போட்டுக்கொண்டாள். மூன்றே மாதத்தில் விதவையானாள். பிறகு வாங்கிய கப்பல்காரன் கப்பலோடு மூழ்கினான். இப்படி உரிமையாளர்கள் பெயரையெல்லாம் புத்தகத்தில் எழுதுகிறார்கள், தரகன் பெயரை மட்டும் விட்டுவிடுகிறார்கள். இருபத்திரண்டு வருஷமாக அதன் தரகன் நான், ரசிக்லால் தலால். இப்போதைய உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். விற்கிறவரை கல் என் பெட்டகத்தில் இருக்கும். தினமும் குளித்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து அதை ஒருமுறை பார்ப்பேன். அந்தச் சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தன்றுகூடக் கிடைத்ததில்லை.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்கே தெரியும். பெரிய கல்லை யாரும் எடுத்த எடுப்பில் வாங்க மாட்டார்கள். சீட்டு எழுதிக் கொடுத்து, ஒன்பது நாள் வீட்டில் வைத்துப் பார்ப்பார்கள். அதற்குள் கெட்டது ஏதாவது நடந்தால் தரகன் மறுபேச்சில்லாமல் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். அருமையான வழக்கம்.

முதலில் மில் முதலாளி தாக்கோர்பாய் கொண்டுபோனார். ஐந்தாம் நாள் அவருடைய பசு அரளி இலையைத் தின்று செத்தது. அவர் வீட்டில் அரளி கிடையாது. என் வீட்டில் இரண்டு செடி இருக்கிறது, நன்றாகப் பூக்கும். மறுநாளே கல் வந்துவிட்டது. நான் அவருக்கு ஆறுதல் சொல்லி, கன்றுக்குக் கொஞ்சம் வெல்லமும் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்து பார்சி டாக்டர் சோராப்ஜி. படித்த மனிதர், பசுவுக்கெல்லாம் அசைய மாட்டார். அவர் மனைவி கூமிபாய்க்கு நான் கொண்டுபோகும் மாம்பழக் கூழ் என்றால் உயிர். ஏழாம் நாள் படுக்கையில் விழுந்தாள். பிழைத்துவிட்டாள் சாகேப், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பேச்சுதான் இன்னும் கொஞ்சம் குழறுகிறது. "இந்தச் சனியன எடுத்துட்டுப் போய்யா" என்று டாக்டர் கல்லை என் மடியில் போட்டார். சனியன் என்றது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஹசுமதிபென்தான் என்னைப் படுத்திவிட்டாள். ஜரிகைப் பட்டறை நடத்துகிறவள், அறுபது வயது, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. மூன்றாம் நாள் பூஜையறைக் கண்ணாடி உடைந்தது. ஆறாம் நாள் மாடிப்படியில் எண்ணெய் சிந்தியிருந்து, டிரைவர் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டான். நான் பதறிக்கொண்டு விசாரிக்கப் போனேன்.

"அவன் செருப்பப் பாத்தீங்களா ரசிக்பாய்? தேஞ்சு அப்பளமா கெடக்கு. அதுக்குக் கல்லு என்ன பண்ணும்?"

"இருந்தாலும் பென், சகுனம்னு ஒண்ணு..."

"சகுனமாவது சுண்டைக்காயாவது! பொண்ணக் கட்டிக்குடுக்கிற அப்பன் மாதிரி நீங்கதான் மூஞ்சத் தூக்கி வச்சிருக்கீங்க. கல்லு எனக்குத்தான். நாளன்னிக்கு உத்தராயண், நம்ம மொட்டை மாடிக்கு வாங்க. உந்தியு சாப்பிட்டுப் பட்டம் விடலாம். மறுநாள் கையெழுத்துப் போட்டு முடிச்சுக்கலாம்."

அன்று வீட்டுக்கு வந்து, பெட்டகத்தில் காலி டப்பாவைப் பார்த்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

உத்தராயணத்தன்று நல்ல வெயில், நல்ல காற்று. உந்தியுவை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவள் பட்டம் விட, நூல் உருளையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நின்றேன். பட்டம் விடுகிறவர் கண் வானத்தில் இருக்கும். பின்னால் நகரும்போது மாடி விளிம்பு எங்கே என்று சொல்வது உருளைக்காரன் பொறுப்பு.

"ரசிக்பாய், பின்னால எடமிருக்கா?"

"நெறைய இருக்கு பென், வாங்க வாங்க."

சிரித்துக்கொண்டே வந்தாள். நான் ஒதுங்கி வழிவிட்டேன். கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். அதில் இடித்துத் தடுமாறி என்னைப் பார்த்தபோது, உருளையால் மெதுவாக ஒரு தள்ளு தள்ளினேன். நான்கு மாடி. நூல் இழுத்த வேகத்தில் என் விரலும் கிழிந்துபோயிற்று, இதோ பாருங்கள்.

பக்கத்து மாடிப் பெண் பட்டத்தைப் படமெடுத்த செல்போனில் நானும் இருப்பதைக் காட்டினீர்கள். அது நான்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. அன்று சாயந்தரமே அவள் மகன் கல்லைக் கொண்டுவந்து, "எங்கம்மாவக் கொன்னுடுச்சு காகா" என்று என் தோளில் சாய்ந்து அழுதான். ஊரும் அப்படித்தான் பேசுகிறது. வாயில்லாத கல்மேல் இத்தனை பழி போடுகிறார்களே என்று எனக்கு வயிறு எரிகிறது. அதற்கு ஒரு தோஷமும் கிடையாது, சாகேப். இருபத்திரண்டு வருஷம் என் வீட்டில் இருந்ததே, எனக்கு ஒரு கெடுதலாவது செய்திருக்கிறதா?