அக்கா எடுத்த முற்றுப்புள்ளிகள்

மேடையில் வீற்றிருக்கும் பதிப்பக உரிமையாளர் அவர்களே, விற்பனை மேலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த நம் அக்காவின் தம்பி அவர்களே, கதவோரம் நிற்கும் வாசக நண்பர்களே, வணக்கம். உள்ளே நாற்காலி இருக்கிறது, உட்காருங்கள். எனக்குத்தான் இன்று இருப்புக் கொள்ளவில்லை.

நான் பக்கம் வடிவமைப்பவன். நம் பதிப்பாசிரியரான அக்கா திருத்தித் தருவதைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. அழைப்பிதழில் புள்ளி விட்டுப்போனால்கூடப் பிடித்துவிடுவார். அதனால் நமக்கெல்லாம் அவர் முற்றுப்புள்ளி அக்கா.

அவர் இருட்டுக் கதைகளாகவே தேடிப் போட்டார் என்று முன்னால் பேசியவர்கள் பட்டும் படாமலும் சொன்னார்கள். ஏன் மழுப்ப வேண்டும்? ஆமாம், தூக்கத்தைக் கெடுக்கும் நாவல்களைத்தான் போட்டார். ஒருநாள் தம்பியே அலுவலகத்துக்கு வந்து கேட்டார்.

"வீட்ல அழுறது பத்தாதாக்கா? காசு குடுத்து வேற அழணுமா?"

"உன் அத்தான் போனப்ப எல்லாரும் ஆறுதல் புத்தகமா கொண்டாந்தீங்க. ஒவ்வொண்ணும் 'கண்ணைத் துடைச்சுக்கிட்டு எழுந்திரு'ன்னு விரட்டுச்சுடா. ஒரு கொலைகாரன் கதைதான் எழுந்திருக்கச் சொல்லாம பக்கத்துல உக்காந்துச்சு."

"நல்ல சகவாசம்தான் போ" என்றார் தம்பி. அக்கா சிரித்தார்.

அவர் கடைசியாக எடுத்துக்கொண்ட நாவல் ஒரு புதியவர் எழுதியது. அதில் நோயாளிக் குழந்தையின் கட்டிலருகே இருக்கும் தாய், இது போய்த் தொலையாதா என்று நினைக்கிறாள். அந்த அத்தியாயம் முழுவதும் ஒரே வாக்கியம். அக்காவின் கை சும்மா இருக்குமா? புள்ளியாக வைத்துத் தள்ளினார். நானும் ஏற்றினேன். மறுநாள், சரிபார்க்க நான் அச்செடுத்துக் கொடுத்த மெய்ப்புத் தாள்களோடு என் மேசையருகே வந்து நின்றார்.

"தப்புப் பண்ணிட்டேம்பா. புள்ளி வச்சதும் எனக்கு நல்லா மூச்சு வருது. அந்தத் தாய்க்கு வரலையே. எல்லாத்தையும் எடுத்துடு."

"விளையாடுறீங்களாக்கா?" என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்தேன். எடுத்தபின் படித்தேன். என் வீட்டிலும் நெடுநாள் படுக்கையில் கிடந்த ஒருவர் உண்டு. அதற்குமேல் சொல்ல மாட்டேன். யாரும் வாய்விட்டுச் சொல்லாததை ஒருவன் எழுதிவிட்டானே என்று அழுதேன்.

நாவல் அச்சுக்குப் போகுமுன் அக்கா போய்விட்டார். நேற்று மேலாளர் என்னைத் தனியே அழைத்தார். "அக்காவே வச்ச புள்ளிதானே, பழைய கோப்பு உங்ககிட்ட இருக்குமே. அதையே அனுப்பிடலாம். படிக்கிறவங்க தப்பிப்பாங்க" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் கேட்கிறேன், அக்கா கண்ணை மூடியதும் அவர் கையைக் கொண்டே அவர் முடிவை அழிப்பதா? கடினமான புத்தகத்தைத் தேடி வரும் வாசகனை, பச்சைப்பிள்ளை என்று நாமே முடிவு கட்டுவதா?

நினைவு மலர் போடலாம், அவர் பெயரில் பரிசு வைக்கலாம் என்றார்கள். செய்வோம். அவர் தேடிய எழுத்துகளைத் தொடர்ந்து தேடுவோம். முதலில் இந்த நாவல் அவர் விட்டுப்போனபடியே வரட்டும்.

மேலாளர் அவர்களே, கோபிக்க வேண்டாம். புள்ளி வைத்த கோப்பை அழித்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். இனி நீங்கள் நினைத்தாலும், நானே நினைத்தாலும், அந்த அத்தியாயத்தில் மூச்சுவிட இடமில்லை.