ஓக் பலகையில் எழுந்த கோலம்

வண்ணப் பிரிவுத் தலைவி திருமதி பச்சையம்மாள் அவர்களின் பணி நிறைவு விழாவில், உத்திரமேரூர் திருவேணி மரத்தளக் கூடத்துப் பணியாளர்கள் மகிழ்ந்தளிக்கும் மடல்

வண்ணம் அறிந்த வல்லமையே! மரத்தின் வரியோட்டம் பார்த்து வழி சொல்லும் வித்தகமே! சாலவாக்கத்து மண் ஈன்ற சாயச் செல்வியே! தேய்ப்பதில் தளராத திண்மையே! பூச்சில் பொய் பொறுக்காத பெருந்தகையே! எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருசேர உரிய அம்மா அவர்களே! வணக்கம்.

இன்னும் நாலு வரி அடுக்க, இம்மடலை எழுதும் ஸ்டோர் வேதகிரியாகிய எனக்கு ஆசைதான். ஆனால், "ஏம்பா, பாலிஷை இப்டி அப்பிக்கினே போனா மரம் எங்கபா தெரியும்?" என்று தாங்கள் முன்வரிசையிலிருந்தே கேட்டுவிடுவீர்கள். ஆகவே அடைமொழிகளை இத்தோடு நிறுத்தி, அடிமனத்தில் உள்ளதைச் சொல்கிறோம்.

படித்து முடித்ததும் இந்த மடல் ஓர் ஓக் சட்டத்துக்குள் போகும். அந்தச் சட்டம் இதோ இந்த மேசைமேல் துணி மூடி இருக்கிறது. பதினேழு ஆண்டுகளில் தங்கள் ஒப்புதல் இல்லாமல் இக்கூடத்தில் முடிந்த முதல் மரவேலை இதுதான். எந்தப் பலகை வந்தாலும் தாங்கள் கண்ணை மூடிக்கொண்டு புறங்கையால் தடவிப் பார்ப்பீர்கள். சரியாக இருந்தால் "போலாம்" என்ற ஒரே சொல் வரும். சரியில்லை என்றால் சொல்லே வராது, மறுபடி தேய்க்க ஓர் உப்புத்தாள் எங்கள் கைக்கு வரும். அந்த மௌனத்துக்கு நடுங்காதவர் இங்கே ஒருவரும் இல்லை, எங்கள் முதலாளி வசந்த்குமார் உட்பட. இந்தச் சட்டம் தேறினால்தான் நாளை முதல் தாங்கள் இல்லாமல் நாங்கள் தலைநிமிர்ந்து வேலை செய்ய முடியும். அதனால் மாலை மரியாதையெல்லாம் ஒருபுறம் இருக்க, எங்களுக்கு இன்று தேர்வு நாள் அம்மா!

நிறம் தேர்வதில் நிகரற்றவரே! காஞ்சிபுரத்துக் கட்டில் கடையில் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த தாங்கள், கடல் கடந்து வந்த ஓக் மரத்தைக் கண்டு மிரளவில்லை. அச்சிட்ட வண்ண அட்டையில் வாடிக்கையாளர் விரல் வைத்த இடத்துக்கெல்லாம் தாங்கள் தலையாட்டியதும் இல்லை. "படத்துல இருக்கிற கலரு படத்துக்குத்தான். உன் வூட்டுக்கு உன் வூட்டு வெளிச்சம்தான்" என்று சொல்லி, அதே மரத்தில் மூன்று நான்கு மாதிரிப் பலகைகளுக்குச் சாயமேற்றி, அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோய், காலை வெயிலிலும் ட்யூப்லைட்டிலும் காட்டிய பிறகுதான் தாங்கள் டப்பாவைத் திறப்பீர்கள்.

கடற்கரைச் சாலை வீட்டுக்கார அம்மையார் ஒருவர், கண்ணாடிபோல் மின்னும் கருநிறத் தளம்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். தாங்கள் வாதாடவில்லை. குழாயடியில் கால் கழுவிக்கொண்டு வந்து அந்த மின்னும் மாதிரிப் பலகைமேல் நடந்தீர்கள். ஒவ்வோர் அடியும் அப்படியே பதிந்து நின்றது. "தெனம் இதையே தொடச்சிக்கினு இருப்பியாம்மா?" என்று கேட்டீர்கள். அம்மையார் சிரித்துவிட்டு, மங்கிய பூச்சுக்கு மாறினார். வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கும் நம்மவர்க்கு எந்தப் பூச்சு பொருந்தும் என்பதைத் தாங்கள் காலாலேயே சொல்லிவிட்டீர்கள்!

எண்ணெய்ச் சாயம் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும் என்று, ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் காயவைத்தீர்கள். நம் கூடத்தைச் சலவைக்கடை என்று நினைத்து வெளுக்க வேட்டி கொண்டுவந்தவர்களும் உண்டு. இருந்தும் அந்தக் கொடியைத் தாங்கள் அவிழ்க்கவிடவில்லை. இத்தனை ஆண்டுகளில் இங்கே ஒரு பொறிகூடப் பறக்கவில்லை.

இனி, மேடையில் சொல்ல வேண்டாம் என்று தாங்கள் எங்களை எச்சரித்த கதை. மன்னியுங்கள், அதைச் சொல்லாமல் இம்மடல் முடியாது.

பஜார் தெருவில் மீரான் மைதீன் பாய் கட்டிய ஜவுளிக்கடையின் மாடிதான் நமக்கு வந்த முதல் ஓக் தளம். பலகைகளைப் பதித்து, இழைத்து, வழவழவென்று தேய்த்தாயிற்று. வேலை தொடங்கும் இடத்தில் கோலம் போடுவது தங்கள் வழக்கம். அன்றும் நடுத்தளத்தில் அரிசி மாவைக் கரைத்து அழகாக ஓர் இழைக்கோலம் இட்டீர்கள். பாயும் மகிழ்ந்து எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தார். மாவு காய்ந்ததும் சுத்தமாகத் துடைத்துவிட்டுச் சாயம் பூசினோம். பூசிய கை எடுப்பதற்குள், துடைத்துவிட்ட அதே கோலம் மரத்துக்குள்ளிருந்து கருகருவென்று எழுந்து நின்றது! ஈரம் பட்ட இடத்தில் மரத்தின் துளைகள் திறந்து சாயத்தைக் கூடுதலாகக் குடித்துவிட்டன. கடைத் திறப்புக்குப் பத்தே நாள். அழைப்பிதழ் ஊரெல்லாம் போய்விட்டது.

கோலத்தின்மேல் ஒரு கடைப் பொம்மையை நிறுத்திப் புடவை கட்டிவிடலாம் என்றார் நம் முதலாளி. தாங்கள் அவரைப் பார்க்கவே இல்லை. நேராகப் பாயிடம் போனீர்கள். "நான் போட்ட கோலம் பாய். தப்பு என்னுது. மறைக்கிற பேச்சே வாணாம், மொத்தத்தையும் தேச்சி எடுத்துட்டுப் புச்சா போடறேன்."

"தொறப்புக்குள்ள முடியுமாம்மா?" என்றார் பாய்.

"முடியலன்னா இந்தத் தெருப் பக்கமே வரமாட்டேன்" என்றீர்கள்.

தளம் முழுவதையும் மீண்டும் தேய்த்தோம். தாங்களோ, எந்த ஈரம் ஏமாற்றியதோ அதையே வேலைக்கு இழுத்தீர்கள்! மூலை முடுக்கெல்லாம் ஒரே சீராக ஈரத்துணி ஒற்றி, மரம் முழுவதும் ஒன்றுபோல் துளை திறக்கச் செய்து, காயவிட்டீர்கள். நிறம் தூக்கலாகிவிடுமே என்று சாயத்தை இளக்கி, அதையும் மாதிரிப் பலகையில் பார்த்த பிறகே தளத்தில் தொட்டீர்கள். கால் தடம் படக்கூடாது என்றதும் பாய் தம் கடைச் சரக்கிலிருந்தே ஆளுக்கொரு ஜோடி சாக்ஸ் எடுத்துக் கொடுத்தார். விலைச்சீட்டு தொங்கத் தொங்க நாங்கள் நடந்த நடை இருக்கிறதே, அது எந்த மணமகளும் நடக்காத நடை! திறப்பு விழாவன்று வந்தவர்கள் புடவையைப் பார்க்குமுன் தரையைப் பார்த்தார்கள். இன்று சென்னையிலிருந்து பேசுகிறவர்கள்கூட "அந்த ஜவுளிக்கடை கலர்" என்றுதான் கேட்கிறார்கள். கை தவறிய இடத்திலேயே கூடத்துக்குப் பெயர் தேடித் தந்தவரோடு வேலை செய்தோம் என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்கு எவ்வளவு பெருமை, தெரியுமா அம்மா?

ஆகவே இந்தத் துணியை விலக்குகிறோம். பாருங்கள். தங்கள் பிரிவில் உள்ள காவியா இந்த ஓக் சட்டத்தின் நான்கு பக்கமும் வெறும் தண்ணீரைத் தொட்டு அதே இழைக்கோலத்தை வரைந்தாள். காய்ந்த பிறகு நாங்கள் சாயம் ஏற்றினோம். அன்று எங்களைக் கலங்க வைத்த கோலம் இன்று நாங்கள் அழைத்ததும் வந்து நிற்கிறது. மேலே மங்கிய பூச்சுத்தான், மினுமினுப்பு ஏதும் இல்லை.

கண்ணொளி குன்றாமல், கைநடுக்கம் காணாமல், பேரப்பிள்ளைகளை அதட்டும் குரல் தேயாமல், நோயின்றி நெடுங்காலம் தாங்கள் வாழ வேண்டும்! சட்டத்தோடு ஓர் உப்புத்தாளையும் வைத்திருக்கிறோம். தடவிப் பாருங்கள். தீர்ப்பு எதுவானாலும் தலைவணங்குகிறோம்.

தங்கள் புறங்கைக்குப் பயந்து பணி கற்ற,
திருவேணி மரத்தளக் கூடத்துப் பணியாளர்கள்,
உத்திரமேரூர்.

(மடல் சட்டத்துக்குள் போகுமுன் அம்மா பேனா வாங்கிக் கீழே எழுதியது:)

போலாம். வலப்பக்க மூலை மட்டும் கொஞ்சம் சொரசொரன்னு கீது. உப்புத்தாள் எங்கிட்டயே இருக்கட்டும், அதை நானே தேச்சிக்கிறேன்.