பன்னிரண்டு வாளித் தண்ணீரும் ஒரு நாயும்

ஏசிக்கு நேர் கீழே அமர்ந்து, குளிர் முழுவதையும் தமக்கே எடுத்துக்கொண்டிருக்கும் நம் குடியிருப்போர் சங்கத் தலைவர் சோனொபே அவர்களே! என்னைத் தோற்கடித்து அவரைத் தலைவராக்கிய அந்த மூன்று வாக்குகளுக்குச் சொந்தக்காரர்களே! இரண்டாம் வரிசையில்தான் இருக்கிறீர்கள், முகத்தைத் திருப்ப வேண்டாம், எனக்குத் தெரியும்! கால்நடை மருத்துவர் மியாகே அவர்களே! கைவிசிறியோடு முன்வரிசையை நிரப்பியிருக்கும் பெரியோர்களே! காலையிலேயே வந்து வாற்கோதுமைத் தேநீரைக் குளிரவைத்து, எனக்கு மட்டும் பாதிக் கோப்பை ஊற்றிய தாய்மார்களே! சலவைக் கடை ஹிதகா அம்மையாரே! அனைவருக்கும் நெமொத்தோவின் பணிவான வணக்கம்.

கொடும் வெயிலில் வளர்ப்புப் பிராணிகளைக் காப்பது எப்படி என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. மருத்துவர் இருக்க இந்த மேடை எனக்கு எதற்கு? அதைத்தான் தலைவரிடம் கேட்டேன்.

“டாக்டர் பேசினா எல்லாரும் தூங்கிருவாங்க நெமொத்தோ சார். நீங்க பேசினா சிரிப்பாங்க. சிரிச்சாத்தான் மனசுல நிக்கும்” என்றார்.

இருபத்தெட்டு ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவனுக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள்! துணைத் தலைமையாசிரியர் பதவி எனக்கு வரவேண்டியது. உடற்பயிற்சி ஆசிரியருக்குப் போனது. அதைப் பேச நான் இங்கே வரவில்லை. இருந்தாலும், போனது போனதுதான்.

நண்பர்களே, ஜப்பானிலேயே வெயிலுக்குப் பேர்போன இந்தக் குன்மாவில் பிறந்தவர்களுக்கு வெயிலைப் பற்றிச் சொல்லித் தர வேண்டுமா? மற்ற ஊர்க்காரன் பழத்தால் பெருமைப்படுவான், மலையால் பெருமைப்படுவான், மீனால் பெருமைப்படுவான். நாமோ, ரயில் நிலைய வெப்பமானி முப்பத்தொன்பது காட்டினால் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம்! வேர்வையால் பெருமைப்படும் ஊர் நம்முடையது. அந்தப் பெருமையில் முதல் இடம் எனக்கு. அதற்குத் தேர்தலும் தேவையில்லை.

சென்ற கோடையில் ஒரு மாலை, ஹிதகா அம்மையார் பொத்தான் என்ற தம் சப்பை மூக்கு நாயைக் குழந்தை வண்டியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனார். பார்த்தேன். பொறுக்கவில்லை. வழிமறித்தேன்.

“என்னம்மா, பிள்ளைக்கு எத்தனை மாசம்?”

“ஒம்பது வயசு ஆவுது வாத்தியாரே. ஆனா ரோட்டுல போறவங்களைப் பாத்துக் குரைக்காது.”

“நாலு கால் இருக்கே, நடந்தா என்னவாம்?”

“கால் இருக்கு, செருப்பு இல்லையே. குனிஞ்சு ரோட்டத் தொட்டுப் பாருங்க. தார் இன்னும் கொதிக்குது.”

குனிந்தேனா? தொட்டேனா? படித்தவன் குனிவானா? நேரே வீட்டுக்குப் போய், வீட்டுக்கு வீடு கைமாறும் சுற்றறிக்கைப் பலகைக்கு ஓர் அறிக்கை எழுதினேன். ‘முன்னோர் வாசலில் நீர் தெளித்தே கோடையைக் கடந்தனர். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆகவே நாள்தோறும் பிற்பகல் இரண்டு மணிக்கு ஒவ்வொரு வீட்டாரும் வாசலில் நீர் தெளிப்பீராக. நாயை வண்டியில் வைத்து நாகரிகம் காட்டாதிருப்பீராக.’

பலகை, படித்துவிட்டோம் என்று குத்தும் முப்பத்திரண்டு வீட்டு முத்திரையோடு திரும்பி வந்தது. ஒருவர்கூட மறுக்கவில்லை. ஒருவர்கூடத் தெளிக்கவும் இல்லை! முத்திரை குத்துவதற்கும் சம்மதிப்பதற்கும் நம் தெருவில் எத்தனை தூரம் என்று இத்தனை வயதில்தான் அறிந்தேன்.

இல்லை, ஒருவர் மறுத்தார். ஹிதகா அம்மையார் தம் முத்திரைக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தார்: ‘இரண்டு மணிக்கா? விடியற்காலை என்று திருத்தவும்.’ நான் என்ன செய்தேன்? அழிப்பான் எடுத்து அழித்தேன். சுத்தமாக அழித்தேன். தடம் தெரியாமல் அழித்தேன்!

ஆகஸ்ட் ஐந்து, பிற்பகல் இரண்டு மணி. வேறு யாரும் தெளிக்காவிட்டால் என்ன, நான் தெளிக்கிறேன் என்று புறப்பட்டேன். எங்கள் அசுகியின் கூடு மதிலுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே ஒரு சந்தில் இருந்தது. மேலே பிளாஸ்டிக் கூரை, கீழே காலையிலிருந்து காய்ந்த சிமெண்டுத் தரை. பதினொரு வயதான ஷிபா நாய் அசுகி. மகள் தொலைவில், செந்தாய் நகரில் இருக்கிறாள். மனைவியும் இப்போதெல்லாம் மகளோடுதான், காரணம் கேட்காதீர்கள். நான் பேசும்போது எழுந்து போகாத ஒரே உயிர் அந்த அசுகி.

என்ன சொல்கிறீர்கள், கட்டிப் போட்டிருந்ததாலா? இருக்கட்டும் ஐயா! எனக்கு அதுவே போதுமாயிருந்தது.

கூட்டைச் சுற்றிப் பன்னிரண்டு வாளி ஊற்றினேன். தரையிலிருந்து வெண்புகை எழுந்தது. ‘ஆகா, வெப்பம் வெளியேறுகிறது!’ என்று மகிழ்ந்தேன். பிறகு உள்ளே போனேன், ஏசியைப் போட்டேன், தெருவாரின் ஒத்துழையாமையைக் கண்டித்துத் தலைவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நான்காம் பக்கத்தில், மிக நல்ல ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தபோது, வாசலில் ஓர் அலறல். என் சட்டைகளைக் கொடுக்க வந்த ஹிதகா அம்மையார்!

“வாத்தியாரே! வெளிய வாங்க! நாய வேக வச்சிட்டீங்களே!”

ஓடினேன். அசுகி பக்கவாட்டில் விழுந்து கிடந்தாள். நாக்கு செங்கல் நிறத்தில் தொங்கியது. வாயெல்லாம் நுரை. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

“தண்ணி... வாயில தண்ணி ஊத்தறேன்!” என்றேன்.

“ஊத்தாதீங்க! நினைவு இல்லாதப்ப ஊத்தினா மூச்சுக் குழாய்க்குப் போயிரும். தூக்குங்க, உள்ள கொண்டாங்க!”

“ஐஸ் எடுத்துட்டு வரவா?”

“ஐஸெல்லாம் வேணாம், குழாய்த் தண்ணி போதும். தொடை இடுக்கு, அக்குள், வயிறு எல்லாம் நனையட்டும். அந்த ஃபேனை இழுங்க. எதுக்கு மரம் மாதிரி நிக்கிறீங்க?”

அவருடைய வேனில் மருத்துவமனைக்குப் பறந்தோம். ஏசியை முழுதாக வைத்தார். வழியில் நான் விளக்க முயன்றேன், என் பிறவிக் குணம் அது. “ஆவியாகும்போது வெப்பம் குறையணுமே அம்மா...”

“நாள் முழுக்க நீராவி இஸ்திரிப் பெட்டி பக்கத்துல நிக்கிறவ நான். எனக்கு ஆவியப் பத்திப் பாடம் எடுக்கிறீங்களா? பேசாம அது காலப் பிடிச்சுக்கங்க.”

மியாகே மருத்துவர் வெப்பமானியைப் பார்த்தார். நாற்பத்தொன்றரைக்கு மேல். நடந்ததைக் கேட்டார். சொன்னேன்.

“நாய்க்கு நம்மள மாதிரி வேர்க்காது சார். மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளிய தள்ளும். காத்தே ஈரமா இருந்தா அது எப்படித் தள்ளும்?” என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு மெல்லக் கேட்டார்: “நீங்க இயற்பியல் வாத்தியார்தானே?”

தலைவர் சொன்னது சரிதான், நன்றாகச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்! முன்னோர் தெளித்தார்கள், விடியலில் தெளித்தார்கள், அந்தியில் தெளித்தார்கள். உச்சி வெயிலில், காற்று நுழையாத சந்தில், கொதிக்கும் தரையில் தெளித்தவன் இந்த நாட்டு வரலாற்றிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நான்கு நாள் அசுகி அங்கே கிடந்தாள். நான்கு நாளும் நான் அந்தக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, என் மீது தவறிழைத்தவர்களின் பட்டியலை வழக்கம்போல் மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். உடற்பயிற்சி ஆசிரியர் வந்தார், சோனொபே வந்தார், இரண்டாம் வரிசை வந்தது. எவரும் அந்தப் பன்னிரண்டு வாளியில் ஒரு வாளியைக்கூடத் தூக்கியிருக்கவில்லை! ஒரு மனிதனுக்கு இதைவிடப் பெரிய ஏமாற்றம் உண்டா?

அசுகி பிழைத்தாள். சிறுநீரகம் பாதி பழுது. “இன்னொரு தடவை தாங்காது” என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

ஹிதகா அம்மையாரே, அன்று உங்கள் எழுத்தை அழித்தேன். ஓராண்டாக மன்னிப்புக் கேட்கவில்லை. உங்கள் கடை வாசலைத் தவிர்க்க, சட்டைகளை நானே கசங்கக் கசங்கத் துவைத்துப் போட்டுக்கொள்கிறேன். என்னை மன்னியுங்கள்.

என்ன, அம்மையாரே? பின்னால் கேட்கவில்லையா?

“இன்னும் சத்தமா வாத்தியாரே! கரும்பலகை முன்னாடி நிக்கிற மாதிரி சொல்லுங்க!”

மன்னியுங்கள், ஹிதகா அம்மையாரே! போதுமா? தலையாட்டுகிறார். நன்றி.

பெரியோர்களே, தாய்மார்களே! நம் முகம் ஐந்தடி உயரத்தில் காற்று வாங்குகிறது. அவற்றின் முகமோ தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வேகிறது. அந்த ஒரு சாணுக்கு எத்தனை வெப்பம் என்று எந்தப் புத்தகம் சொல்லும்? குனியுங்கள்! நடக்கக் கூட்டிச் செல்லுமுன் குனிந்து புறங்கையைத் தாரில் வைத்து ஐந்து எண்ணுங்கள். உங்கள் கை தாங்காவிட்டால் அவற்றின் பாதமும் தாங்காது. குனிந்து கூட்டுக்குள் தலையை நுழைத்துப் பாருங்கள். உங்களுக்கு மூச்சு முட்டினால் அவற்றை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். ஐந்து நிமிடம்தானே என்று காரில் விட்டுப் போகாதீர்கள். வெளியே கிளம்பும்போது, ஐயோ வீண் என்று ஏசியை அணைக்கிறீர்களே, உள்ளே ஓர் உயிர் இருக்கிறது, அணைக்காதீர்கள்! வாயால் பேச முடியாத உயிருக்கு நாம்தானே வாய்? நான் வாயை மட்டும்தான் வைத்திருந்தேன். கண்ணை வைக்கவில்லை, கையை வைக்கவில்லை, முதுகை வளைக்கவில்லை. அறிவு இருந்தது, அதுதான் அவளைக் கொல்லப் பார்த்தது!

இதோ, வெளியே கேட்கிறதா? நகராட்சி ஒலிபெருக்கி. கடும் வெப்ப எச்சரிக்கை. மணி இன்னும் பதினொன்றுகூட ஆகவில்லை.

எனக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது என்கிறார் தலைவர். கொடுத்த நேரத்தில் ஒரு நிமிடத்தைக்கூட நான் இதுவரை எவருக்கும் விட்டுத் தந்ததில்லை. வீட்டில் அசுகி தனியே இருக்கிறாள். ஏசி ஓடுகிறது, இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஆனாலும் மின்சாரம் நின்றுவிட்டால் என்னிடம் வந்து சொல்ல அவளுக்குத் தெரியாது. ஆகவே, பேச்சைப் பாதியில் விட்டுப் போகிறேன். குறை சொல்பவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள், இம்முறை யார் பெயரையும் குறித்துக்கொள்ள மாட்டேன். இதுவரை பொறுமையாகச் சிரித்த உங்களுக்கு நன்றி. மேடை தந்த தலைவருக்கும்... ஆம், அவருக்கும் நன்றி. கொஞ்சம் வழி விடுங்கள், வணக்கம், வழி விடுங்கள்!