முட்டி இல்லாத கால்

நாத்தனார்: பாருங்க, சிட்டு மறுபடியும் விழுந்துட்டா.

அண்ணி: விழல. கை ஊனிட்டா.

நாத்தனார்: கை ஊனுறதுக்கு அவ என்ன கோல்கீப்பரா? ரைட் பேக் அண்ணி அவ, வலது ஓரம் காக்குறவ. என் இடம் அது.

அண்ணி: தெரியும். நீ காலைக் கீழ இறக்காத. தலகாணி மேலயே இருக்கட்டும்.

நாத்தனார்: பெல்ட்டு போட்டுக் கட்டி வெச்ச காலு. அது எங்க ஓடிரப் போகுது.

அண்ணி: டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்குல்ல? முட்டியில தச்ச ஜவ்வு...

நாத்தனார்: தச்ச ஜவ்வு, ஒட்டுப்போட்ட ஜவ்வு... எல்லாம் ஞாபகம் இருக்கு. கிழிச்சது யாரு, அதைச் சொல்லுங்க.

அண்ணி: ஆரம்பிச்சிட்டியா. ஃபுட்பால் ஃபைனல் நடக்குது. டிவியப் பாரு.

நாத்தனார்: பார்த்தா என்ன தெரியுது? எங்க டீம்ல பதினோரு பொண்ணுங்க காலுலயும் உங்க கம்பெனி ஷூ தெரியுது. பளபளன்னு, புதுசா, இனாமா. தானமாக் குடுத்த மாட்டப் பல்லப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதாம். இதுக்குப் பல்லுலதான் பிரச்சனையே.

அண்ணி: அதை என்கிட்ட சொல்லு. ஷூவுக்கு அடியில இருக்குற அந்தப் பல்லு ஒவ்வொண்ணையும் வரைஞ்சவ நான்.

நாத்தனார்: அதான் உங்ககிட்ட சொல்றேன்.

அண்ணி: நான் வரைஞ்சது வேற, வந்தது வேற. எத்தன தடவ சொல்றது... கட்டைவிரலுக்குக் கீழ, ஊனித் திரும்புற இடத்துல, உருண்டைப் பல்லா வட்டமா அடுக்கியிருந்தேன். ஓடுறப்போ பிடிக்கும், திரும்புறப்போ விட்டுடும்.

நாத்தனார்: அப்புறம்?

அண்ணி: அப்புறம் என்ன. உருண்டை பழைய காலத்து மாதிரி இருக்கு, கத்தி மாதிரி வையுங்கன்னார் மேனேஜர். கடையில எடுத்துப் பார்க்குறவனுக்குக் கொஞ்சம் பயமா இருக்கணுமாம்.

நாத்தனார்: இருந்துச்சே. எனக்குத்தான். உடம்பு திரும்புது, இடுப்பு திரும்புது, தொடை திரும்புது. பாதம் மட்டும் அடிச்ச முளைக்குச்சி மாதிரி அங்கேயே நிக்குது. நடுவுல மாட்டுனது முட்டி. சத்தம் கேட்டுச்சு அண்ணி. யாரோ பக்கத்துல குச்சிய ஒடிக்கிறாங்கன்னு நினைச்சேன்.

அண்ணி: தலகாணி சரியுது, காலைத் தூக்கு.

நாத்தனார்: பேச்ச மாத்தாம பேசுங்க.

அண்ணி: என்ன பேச. நீ சொல்லிச் சொல்லி அந்தச் சத்தம் எனக்கும் கேக்குது.

நாத்தனார்: கேக்கட்டும். முதல் ஜோடிய நீங்கதானே வாங்கிட்டு வந்து குடுத்தீங்க. பெருமையா.

அண்ணி: ஆமா. பெருமையாத்தான் குடுத்தேன்.

நாத்தனார்: ஐயோ, பந்து அவ பக்கம் போகுது... சிட்டு, விடாத... அப்பாடா. வெளிய தட்டிட்டா.

அண்ணி: நல்லாத்தான் ஆடுறா.

நாத்தனார்: ஆடுவா. நின்னாத்தானே ஆட முடியும்? சரி, ஒண்ணு கேக்குறேன். உங்ககிட்ட மெஷின் இருக்குல்ல. அதுல வெச்சு முறுக்கிப் பார்த்துட்டுத்தானே கடைக்கு அனுப்புறீங்க?

அண்ணி: முறுக்கித்தான் பார்த்தோம். ஒரு இரும்புக் காலு. அதுல ஷூவ மாட்டி, பிளாஸ்டிக் புல்லு மேல வெச்சு அழுத்தித் திருப்புவோம். எவ்வளவு முறுக்குனா பிடிய விடுதுன்னு பார்ப்போம். பாஸ் ஆயிடுச்சு.

நாத்தனார்: என் சைஸா?

அண்ணி: ஆம்பள சைஸு.

நாத்தனார்: என் சைஸ் என்னாச்சு?

அண்ணி: உன் சைஸுக்கு இரும்புக் காலே கிடையாது. பெருசு பாஸ் ஆனா சிறுசும் பாஸ். அதான் அங்க கணக்கு. ஷூவச் சின்னதாக்குவாங்க, பல்லு மட்டும் எல்லாத்துக்கும் ஒரே உயரம். சைஸுக்கு ஒரு அச்சு வெட்டுனா செலவாகுமாம்.

நாத்தனார்: அப்ப ஒரு தடியனுக்கு அளவெடுத்த பல்லுதான் எனக்கும், அந்த நோஞ்சான் சிட்டுவுக்கும்?

அண்ணி: ஆமா. அவன் கனத்துக்கும் பலத்துக்கும் அந்தப் பல்ல முறுக்கிப் பிடுங்கிடுவான். உங்களால முடியாது.

நாத்தனார்: நல்லா வாயில வருது எனக்கு...

அண்ணி: இன்னும் ஒண்ணு இருக்கு, அதையும் கேட்டுக்கோ. அந்த இரும்புக் காலுக்கு முட்டி கிடையாது. கணுக்கால் வரைக்கும் காலு. அதுக்கு மேல ஒரு கம்பி. அவ்வளவுதான். கிழியுறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல.

நாத்தனார்: முட்டி இல்லாத காலுல போட்டுப் பார்த்துட்டு, முட்டி இருக்கிறவளுக்கு வித்துட்டீங்க.

அண்ணி: இதையேதான் போன மாசம் நானும் கேட்டேன். உன் ஸ்கேனைக் கொண்டுபோய் மேனேஜர் மேஜை மேல வெச்சேன்.

நாத்தனார்: என் ஸ்கேனையா? சொல்லவே இல்ல.

அண்ணி: சொல்ற மாதிரியா இருந்துச்சு? வீட்டு விஷயத்த ஆபீசுக்குக் கொண்டு வராதீங்கன்னார். அப்புறம், பொண்ணுங்க முட்டியே அப்படித்தான்மா, தொடையில பலம் பத்தலன்னார். மாடி ஏறுனா மூச்சு வாங்குற மனுஷன்.

நாத்தனார்: நீங்க என்ன சொன்னீங்க?

அண்ணி: ஸ்கேனை எடுத்துக்கிட்டு வெளிய வந்துட்டேன்.

நாத்தனார்: அவ்வளவுதானா?

அண்ணி: அவ்வளவுதான்.

நாத்தனார்: ஈரத்துண்ட கட்டில்ல போட்டதுக்கு எங்க அண்ணன ரெண்டு நாள் வறுத்து எடுத்தீங்க. அங்க மட்டும் வாய்க்குப் பூட்டா?

அண்ணி: கத்துனா வேலை போகும். வேலை போனா அந்த அச்சுப் பக்கமே போக முடியாது.

நாத்தனார்: போயி மட்டும் என்ன கிழிச்சீங்க?

அண்ணி: விடுடி.

நாத்தனார்: விடமாட்டேன். நான் ஒருத்தி கிழிஞ்சது போதாதுன்னு, அதே ஷூவ டீம் முழுக்க மாட்டி விட்டிருக்காங்க. சிட்டுவுக்கு இப்பத்தான் இடமே கிடைச்சிருக்கு. அவளுக்கும் முட்டி போனா யாரு பதில் சொல்றது? உங்க மூச்சு வாங்குற மனுஷனா?

அண்ணி: அவளுக்கு ஒண்ணும் ஆகாது.

நாத்தனார்: எப்படித் தெரியும்?

அண்ணி: ஆகாதுன்னா ஆகாது... ஆமா, பாத்ரூம்ல நான் குதிகால் தேய்க்கிற அரம் இருக்குமே, அது மொழுக்குன்னு கிடக்கு. யாரு எடுத்தது?

நாத்தனார்: நான்தான். படுத்தே கிடந்தா குதிகால் வெடிக்காதா?

அண்ணி: நடக்காத காலு எப்படிடி வெடிக்கும்?

நாத்தனார்: ஏன், அரத்துக்கும் ஆபீஸ்ல அனுமதி வாங்கணுமா? டிவியப் பாருங்க... கேப்டன் எப்படித் திரும்புறா பாருங்க. எண்ணெய் போட்ட கதவு மாதிரி.

அண்ணி: ம்.

நாத்தனார்: அதே ஷூதானே அது?

அண்ணி: அதேதான்.

நாத்தனார்: கொஞ்சங்கூட மாட்டலயே. நடுவுல ஆடுறாளே, கட்டச்சி, அவளும் அப்படித்தான் திரும்புறா. எனக்கு மட்டும் அன்னைக்கு...

அண்ணி: புல்லுல தண்ணி நிறைய விட்டிருப்பாங்க.

நாத்தனார்: தண்ணி எல்லாருக்கும் ஒண்ணுதானே. அப்ப சிட்டு மட்டும் ஏன் வழுக்குறா?

அண்ணி: அதைத்தான் நானும் பார்க்குறேன்... சைஸ் பெருசாப் போட்டிருப்பாளோ? நேத்து உன்கிட்ட கொண்டு வந்தாளே, பார்த்தியா?

நாத்தனார்: சைஸ் சரிதான்.

அண்ணி: எதுக்குக் கொண்டு வந்தா?

நாத்தனார்: லேஸ் கோக்க. இடத்த விட்டுக் குடுக்குறவ கையால லேஸ் கோத்தாத்தான் ராசியாம். எங்க டீம்ல அப்படி ஒரு பைத்தியக்காரத்தனம்.

அண்ணி: லேஸ் கோக்கவா அவ்வளவு நேரம்? கதவச் சாத்திக்கிட்டு?

நாத்தனார்: அழுதேன்.

அண்ணி: வெளிய வந்தப்போ அழுத கண்ணு மாதிரி தெரியலயே. வேர்த்து விறுவிறுத்துல்ல வந்த.

நாத்தனார்: அழுதா வேர்க்காதா? உங்களுக்கு எல்லாம் மெஷின்ல போட்டுப் பார்த்தாத்தான் நம்பிக்கை... ஐயோ. எதிர் டீம் ஒன்பதாம் நம்பர் வர்றா. அவ உள்ளுக்குள்ள திரும்புவா, சிட்டு, கூடவே திரும்பு...

அண்ணி: திரும்புறா...

நாத்தனார்: போச்சு. காலை வாரிருச்சு. போச்சு.

அண்ணி: கோல்.

நாத்தனார்: கோல் கிடக்கட்டும். முட்டி? முட்டியப் பிடிக்கிறாளா?

அண்ணி: இல்ல. எந்திரிச்சிட்டா. நடக்குறா. தரையத்தான் முறைக்கிறா.

நாத்தனார்: நல்லாப் பாருங்க.

அண்ணி: நல்லாத்தான் நடக்குறா. வழுக்கித்தான் விழுந்தா, மாட்டி விழல.

நாத்தனார்: ஷூவத் தூக்கிப் பார்க்குறா...

அண்ணி: கேமராக்காரனும் அதையேதான் காட்டுறான்.

நாத்தனார்: சோப்புத் தண்ணியில நிக்கிற மாதிரி நிக்கிறாங்களாம். கமெண்ட்ரிக்காரன் சொல்றான் பாருங்க, சொகுசா உட்கார்ந்துக்கிட்டு.

அண்ணி: மத்தவங்க எல்லாம் சரியாத்தானே இருக்காங்க... ஒரே அளவுதானே... இவளுக்கு மட்டும் எப்படி...

நாத்தனார்: என்ன முணுமுணுக்குறீங்க?

அண்ணி: ஒண்ணுமில்ல. நீ ஏன் நகத்தக் கடிக்கிற?

நாத்தனார்: ஒண்ணுமில்ல.

அண்ணி: இன்னும் நேரம் இருக்கு. ஒரு கோல்தானே.

நாத்தனார்: அண்ணி... அண்ணனுக்குப் போன் போடுங்க.

அண்ணி: இப்பவா? அவரு மைதானத்துல ஆட்டம் பார்த்துக்கிட்டு இருப்பாரு.

நாத்தனார்: பெஞ்சுக்குப் பின்னாடி வரிசையிலதான் உட்கார்ந்திருக்கான். கோச்சுகிட்ட சொல்லச் சொல்லுங்க. சிட்டுவுக்கு வேற ஷூ மாத்தணும்.

அண்ணி: ஏன்?

நாத்தனார்: மாத்தணும். அவ்வளவுதான்.

அண்ணி: பிடிக்குது, பிடிக்குதுன்னு இவ்வளவு நேரம் என்னைக் காய்ச்சி எடுத்த. இப்ப வழுக்குதுன்னு மாத்தணுமா? சொல்லு. ஏன்?

நாத்தனார்: நான் தேய்ச்சிட்டேன்.

அண்ணி: எதை?

நாத்தனார்: பல்ல. கட்டைவிரலுக்குக் கீழ இருக்குறத மட்டும். நேத்து, கதவச் சாத்திக்கிட்டு... உங்க அரத்தாலதான். நீங்க ஒண்ணும் செய்யப்போறதில்ல, கம்பெனியும் செய்யாது, அப்ப நானாச்சும் அவ ஒருத்தி காலையாவது காப்பாத்துவோம்னு. அவளுக்குக்கூடத் தெரியாது.

அண்ணி: எவ்வளவு தேய்ச்ச?

நாத்தனார்: கொஞ்சம்தான்.

அண்ணி: கொஞ்சம்னா? காட்டு.

நாத்தனார்: ஒரு காசு கனம். அதனால இப்படி வழுக்கும்னு சத்தியமா நினைக்கல. என் கணக்குல எங்கயோ தப்பு... என்ன அண்ணி அப்படிப் பார்க்குறீங்க? திட்டணும்னா திட்டிருங்க.

அண்ணி: உன் கணக்குல தப்பில்லடி. கேப்டன் எண்ணெய் போட்ட கதவு மாதிரி திரும்புறான்னு சொன்னியே... உங்க டீமுக்குன்னு வார்த்த அத்தனை ஜோடிக்கும், அந்தப் பல்லு வார்க்குற குழிக்கு அடியில நான் தகடு வெச்சுப் பல்லக் குட்டையாக்கிட்டேன். அதே ஒரு காசு கனம். செக் பண்ணிக் கையெழுத்துப் போடுறவளும் நான்தான், அதனால யாருக்கும் தெரியல. மத்தவங்களுக்கு நான் குறைச்சது மட்டும். சிட்டுவுக்கு நான் குறைச்சது, அதுக்கு மேல நீ தேய்ச்சது... போனை இப்படிக் குடு. பெஞ்சுல இருக்குற பொண்ணுங்கள்ல அவ சைஸ்காரி ஷூவக் கழட்டி மாட்டச் சொல்றேன். ஏன்னு உங்க அண்ணன் கேப்பாரு, கோச்சு கேப்பாரு, திங்கக்கிழமை மேனேஜர் கேப்பாரு. கேக்கட்டும். மூணு பேருக்கும் ஒரே பதில்தான், நடந்தது நடந்தபடி.