ஒயர்கூடையில் பூனை

அருப்புக்கோட்டையிலிருந்து நரிக்குடி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு ஐம்பது வயதிருக்கும். முன்னால் எத்தனையோ இடம் காலியாகக் கிடக்க, சன்னலோரம்தான் வேண்டுமென்று கண்டக்டரிடம் சண்டை போட்டு உட்கார்ந்தவள். அவள் மடியில், வாயைத் துணியால் கட்டிய ஒயர்கூடை. பஸ் கிளம்பியதும் கூடை கத்தியது.

“என்னக்கா, பூனையா?” என்றாள் பக்கத்தில் இருந்த சின்னவள்.

“கொலகாரி. நரிக்குடி கம்மாக்கரையில விட்டுட்டு வரப் போறேன்.”

“என்ன செஞ்சுச்சு?”

“எலிக்குன்னுதான் வளத்தேன். எலி தீந்ததும் ஓணான், அணிலுன்னு ஆரம்பிச்சுச்சு. புஞ்சையில ஒரு காடைக்குஞ்ச விட்டு வைக்கல. பொறுத்துக்கிட்டேன். நேத்து, அவுக போட்டோவுக்குப் பின்னால கூடு கட்டியிருந்த அடைக்கலாங்குருவியத் தின்னுருச்சு. அடைக்கலமுன்னு வந்தத யாராச்சும் கொல்லுவாகளா?”

“வீட்டுல அவுக இல்லையாக்கா?”

“போயி வருசம் திரும்பிருச்சு. அந்தக் குருவிச் சத்தம் ஒண்ணுதான் கேட்டுக்கிட்டிருந்துச்சு.”

திருச்சுழி தாண்டியது. வெளியே கருவேலங்காடு. சின்னவள் குனிந்து கூடையைப் பார்த்தாள்.

“சாக்குல போட்டுல்ல கட்டிக் கொண்டாரணும்? இது சந்து வழியா ரோட்டப் பாத்துக்கிட்டே வருது. வழி தெரிஞ்சு திரும்பி வந்துரும்க்கா.”

மூத்தவள் கூடையைச் சன்னல் பக்கமாக இன்னும் கொஞ்சம் திருப்பி வைத்தாள்.

“வரட்டும் தாயி. வேற யாரு வாரா?”