தம்பி வீட்டில் தொங்கிய பச்சைத் தொப்பி

"விளக்கோட தலைய என் கூடப் பொறந்தவனே தூக்கிட்டுப் போயிட்டான்!"

டுரியான் துங்காலில் இருந்து மலாக்கா போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த அம்மா போட்ட சத்தம் இது. மடியில் ஒரு பெரிய துணிப்பை. பக்கத்தில் அவரைவிட இளைய பெண் ஒருவர்.

"எந்த விளக்குக்கா?"

"எஸ்டேட் கோயில் திருவிழாவுக்கு அப்பா பம்ப் அடிச்சு ஏத்துவாரே, அந்த காஸ் விளக்கு. எண்ணெய் ஊத்துற அடிப்பாகம் மட்டும்தான் என்கிட்ட இருந்துச்சு. ரிப்பேர் கடை அங்கிள் அடியில இருந்த எழுத்தத் தேய்ச்சுப் படிச்சு, போன்ல அதே மாடல் படத்தக் காட்டினாரு. மேல மூடியா ஒரு பச்சைத் தொப்பி! எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு."

"ஏங்க்கா?"

"அது என் தம்பி வீட்டு வாசல் போர்ச்ல தொங்குது லா! எஸ்டேட் வீட்டக் காலி பண்றப்ப எடுத்துட்டுப் போயி, உள்ள கரண்டு பல்பு மாட்டி வச்சிருக்கான். நான் தேடாத இடமில்ல, அவன் வாயத் தொறக்கல."

"கேட்டீங்களா?"

"காலையில போய்க் கேட்டேன். 'அழகா இருக்குக்கா, அங்கேயே இருக்கட்டும்'ங்கிறான். அழகாம்! அப்பா வெளிச்சத்துக்கு வச்சிருந்ததுடா, ரிப்பேர் பண்ணி ஏத்தணும்டான்னேன். டிவி பார்க்க உள்ள போயிட்டான்."

"அப்புறம்?"

அவர் பையின் வாயை விரித்துக் காட்டினார். உள்ளே பச்சையாக ஏதோ மின்னியது. அப்போது அவருடைய கைப்பேசி அலறியது.

"ஆமாடா, நாற்காலி போட்டு ஏறி நான்தான் கழட்டினேன். பல்பு சாப்பாட்டு மேசை மேல இருக்கு. அது மட்டும்தான் உன்னோடது."