துண்டில் பழகிய கொடியேற்றம்

சுதந்திர தினத்தன்று சாயங்காலம், கச்சிராயபாளையம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"எங்க ஓரகத்தி ஒரு வாரமா வேப்பமரத்துல துண்ட மடிச்சிக் கட்டி, கயித்த இழுத்து இழுத்துப் பாத்துக்கினு இருந்தா அக்கா."

"இன்னாத்துக்குடி?"

"கொடியேத்தத்தான். பஞ்சாயத்து தலைவரா ஜெயிச்சும், காலனிக்காரின்னு இத்தினி வருசமா அவள ஓரமா நிக்கவச்சிட்டு துணைத்தலைவருதான ஏத்துனாரு. இந்த வருசம் ஆபீசருங்க வந்து, கயித்த இவ கையிலயே குடுத்துட்டாங்க."

"முடிச்சு அவுந்துச்சா? சிக்கியிருந்தா, இதுக்குத்தான் இவ வாணாம்னோம்னு சொல்லியிருப்பானுங்களே."

"ஒரே இழுப்புதாங்க்கா. பூவெல்லாம் அவ தலைமேலயே கொட்டுச்சு."

"இப்ப இன்னா பண்றா?"

"தூங்குறா. ஒரு வாரமா கண்ண மூடலையே. தலையில இருந்த பூவக்கூட தட்டல. நானும் எழுப்பாம வந்துட்டேன்."